அமைப்பாளர் கேட்டால் திறக்கப்படும்

திருவொற்றியூர்
6 ஜனவரி 2024

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

தங்கை மெர்லின் எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மடத்தில் வெந்நீராவது கொடுக்கிறார்களா, இல்லை அதையும் தவம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்களா? ஊரே போனில் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் உனக்காகத் தபால் ஆபீஸில் கவர் வாங்கி நாக்கால் நனைத்து ஒட்டுகிறேன். கவுண்டரில் இருக்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்துவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்ததுதான் வடியவில்லை. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இறங்கி ஆறு முழுக்கக் கருப்பு. நெட்டுக்குப்பத்தில் வலையெல்லாம் தார் பூசியதுபோல் கிடக்கிறது. படகு இறக்க வழியில்லாமல் சனம் கரையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அம்மாவை அடக்கம் செய்த இடத்தின் ஓரத்திலும் எண்ணெய் ஏறியிருப்பதாக மீன்காரக் கோவிந்தம்மா வந்து சொன்னாள்.

போன புதன்கிழமை மூன்று சபைக்காரர்கள் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். நம் பெரிய கோயிலின் புது ஃபாதர், தகரக் கூரை போட்டு முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஷீட் சபையின் பாஸ்டர் ஏசடியான், மணிக்கூண்டுச் சபையின் செயலாளர். குப்பத்துக்கு உதவி செய்ய மூன்று சபையும் ஒரே குழுவாகச் சேரப் போகிறார்களாம். அதற்கு நான் அமைப்பாளராக இருக்க வேண்டுமாம். மூன்று சபை விருந்துக்கும் சமைக்கிறவள் நான். அம்மா போனதிலிருந்து எந்தச் சபையிலும் கால் வைக்காதவளும் நான். யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டேன்.

அந்தச் செயலாளர் யாரென்று நினைக்கிறாய்? அதே ஞானசிகாமணி வாத்தியார்தான். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்து, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்மா" என்றார். சமையல்கார மெர்லினை அவருக்குத் தெரிகிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரைக் கும்பிட்டு நின்ற மெர்லினைத் தெரியவில்லை. நடிப்பாக இருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சத்தியமாக ஞாபகமில்லை அவருக்கு.

சரியென்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

அன்புத் தங்கை,
மெர்லின்

*

மடத்திலிருந்து
21 ஜனவரி 2024

இயேசுவில் அன்பான தங்கை மெர்லினுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவருடைய சமாதானம். முதுகு பரவாயில்லை. வெந்நீர் கிடைக்கிறது, கேலி வேண்டாம்.

சபைகள் ஒன்றுசேர்வது நல்ல காரியம். எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்றுதான் ஆண்டவரும் ஜெபித்தார். அந்த வேலையை நல்ல மனதோடு செய். இதை எழுத வேண்டியது என் கடமை, எழுதிவிட்டேன்.

இனி அக்காவாக எழுதுகிறேன். அம்மா இறந்த செய்தியை மடத்துத் தலைவி எனக்குச் சொன்னபோது அடக்கமே முடிந்திருந்தது. "மீனவர் குப்பத்தில் அடக்கம் செய்தார்களாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இந்த அடைப்புக்குள் வந்தவள் சாவுக்கும் வெளியே போவதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். அழக்கூட எனக்கு முழு விவரம் இல்லை. நீயும் ஆறு வருடமாகச் சுருக்கியே எழுதுகிறாய், நான் தாங்கமாட்டேன் என்று.

தினமும் காலை மன்றாட்டில் அந்த மனிதரை மன்னிக்கிறேன். கஞ்சி குடிக்கும் நேரத்துக்குள் அந்த மன்னிப்பு தீர்ந்துவிடுகிறது. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுது.

உன் அக்கா,
ஜெசிந்தா

*

திருவொற்றியூர்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. நீ கேட்டதால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அப்பா போனபிறகு அம்மாவைத் தேடி ஷீட் சபைப் பெண்கள்தான் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்கள், கூட உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசி வருடத்தில் அம்மா எண்ணூர்க் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் முகம் தெளிவாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மே மாதம் இறந்தாள். அப்போதிருந்த ஃபாதர், "அவங்களாப் போனவங்க, பங்குப் பேரவை ஒத்துக்காது" என்றார். ஷீட் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. அவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் மணிக்கூண்டுச் சபையிடம் கெஞ்சித்தான் மண் வாங்குவார்கள். பாஸ்டரும் நானும் போனோம். ஞானசிகாமணி தோட்டத்து வாசலில் நின்றார், கையில் சாவி. நான் கும்பிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "கடல்ல முங்கினவங்களுக்குக் கடல்லயே இடம் கேளுங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவும் எழுத வேண்டும், இல்லையா?

அன்றும் மறுநாளும் அம்மா வீட்டில் கிடந்தாள். அக்னி நட்சத்திர வெயில். எனக்குத் தினமும் மீன் கொடுக்கிற கோவிந்தம்மாதான் காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் ஐஸ் கொண்டுவந்து கொட்டினாள். மீனுக்குப் போடுகிற ஐஸ், அக்கா. அதில் அம்மாவைப் படுக்க வைத்தோம். பிறகு கோவிந்தம்மா அவர்கள் ஊரில் பேசி, நெட்டுக்குப்பத்துச் சுடுகாட்டு ஓரத்தில் இடம் வாங்கிக் கொடுத்தாள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். அவர்கள் ஊர்ப் பையன்கள் உடைந்த படகுப் பலகையில் சிலுவை செய்து நட்டார்கள். கிறிஸ்தவளாகப் பிறந்து கிறிஸ்தவளாகவே செத்தவளுக்கு மூன்று சபை கூடிக் கொடுக்காத மண்ணை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் கொடுத்தார்கள்.

இப்போது நடப்பதைக் கேள். போன வாரம் குப்பத்துக்கு அரிசி கொண்டுபோனோம். ஒவ்வொரு சபையும் எனக்குத் தெரியாமல் பைக்குள் தங்கள் துண்டுப் பிரசுரத்தைப் போட்டிருக்கிறது. ஒரே பையில் மூன்று. கோவிந்தம்மா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இன்னா மெர்லினு இது? ஒரு பேப்பரு மாதாகிட்ட வேண்டிக்கோங்குது. இன்னொரு பேப்பரு மாதாகிட்ட வேண்டிகினா நரகம்ங்குது. மூணாவது, மத்த ரெண்டு பேருமே போலிங்குது. நீங்க மொதல்ல உங்க வூட்டுக்குள்ள பேசி முடிச்சிகினு வாங்க. அரிசிய வாங்கிக்கிறோம், பேப்பர நீங்களே வச்சிக்கோங்க."

ஃபாதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அந்த அவமானம் ஆறுவதற்குள் குழுவைக் கூட்டிக் கேட்டேன்: வெளியாருக்கு அரிசி கொடுப்பது இருக்கட்டும், நம்மில் ஒருவர் செத்தால் ஒருவருக்கொருவர் மண் கொடுப்போமா? மூன்று சபையும் தலையாட்டியது. தீர்மானம் எழுதப்போகிறோம். அதை ஞானசிகாமணி வாயால் வாசிக்க வைப்பேன்.

தங்கை,
மெர்லின்

*

மடத்திலிருந்து
12 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? புதன்கிழமை சாம்பல் புதன். அதன்பின் உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் எங்கள் மடத்தில் கடிதம் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வருவதைப் படிக்கலாம். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அம்மா ஐஸில் கிடந்தாள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

வாசித்துவிட்டால் போதுமா, மெர்லின்? நல்ல குரலில் வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவார். அந்த மனிதர் ஒருநாள் யாரிடமாவது மண் கேட்டு நிற்க வேண்டும். இதை ஆண்டவரிடம் கேட்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், பரிகாரமும் செய்துவிட்டேன். செய்துவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் அக்கா,
ஜெசிந்தா

*

திருவொற்றியூர்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுத முடியாத காலத்தில் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. குறுக்கே பேசமாட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள், தவம் என்று ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே.

தீர்மானம் நிறைவேறியது. இதுதான் வாசகம்: "இப்பகுதியில் மரிக்கும் கிறிஸ்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், எந்தச் சபையிலும் பெயர் இல்லாதவராயினும், குழுவின் அமைப்பாளர் கேட்டால் கல்லறைத் தோட்டம் திறக்கப்படும்." மூன்று சபையும் கையெழுத்துப் போட்டது. ஞானசிகாமணி எழுந்து நின்று கணீரென்று வாசித்தார். நீ சொன்னதுபோலவே கைதட்டு. ஷீட் சபைப் பெண்கள் அழுதார்கள். பாஸ்டர் ஏசடியான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், உங்க அம்மா சாவு வீணாப் போகல" என்றார். பக்கத்தில் நின்ற ஞானசிகாமணி, "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று அவரைக் கேட்டார். நான் பாஸ்டரை இழுத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டேன். இப்போது சொல்லமாட்டேன். எப்போது சொல்வது என்று எனக்குத் தெரியும்.

ஒரு சங்கதி. மூன்று சபை இளைஞர்களும் சேர்ந்து குப்பத்துச் சுடுகாட்டில் எண்ணெய் படிந்த மண்ணை வாரினார்கள். இந்தமுறை பேப்பர் கிடையாது. நான் சாம்பார் சாதம் கொண்டுபோனேன். கோயில் பையனும் ஷீட் சபைப் பையனும் ஒரே தட்டில் அப்பளம் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தங்கை,
மெர்லின்

*

திருவொற்றியூர்
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மூன்று சபையும் ஒரே ஊர்வலமாகக் குருத்தோலை பிடித்துப் போனார்கள். போலீஸ்காரரே ஆச்சரியப்பட்டார்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. மணிக்கூண்டுச் சபையில் தேர்தல் நடந்தது. உனக்குத் தெரியுமே அந்தத் தேர்தல், அதற்கு முன் சட்டசபைத் தேர்தல் ஒன்றுமில்லை. எதிரணி ஜெயித்தது. ஞானசிகாமணி தோல்வியை ஒத்துக்கொள்ளாமல் கோர்ட்டுக்குப் போனார். சபையைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் என்று சொல்லிக் குடும்பத்தோடு பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாவி இப்போது புதுச் செயலாளர் கையில்.

அவர் மனைவி சுகிர்தம் படுத்த படுக்கை. சிறுநீரகம் போய்விட்டது. நோயாளி வீடுகளுக்குக் கஞ்சி கொடுப்பது குழுவின் வேலை என்பதால் நான்தான் கொண்டுபோகிறேன். நல்ல மாதிரி பெண். மகன் சின்ன வயதிலேயே தவறி, அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறானாம்.

ஞானசிகாமணி கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். எனக்கு அவசரமில்லை.

தங்கை,
மெர்லின்

*

மடத்திலிருந்து
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன் வீட்டில் நிறைவதாக. உன் இரண்டு கடிதங்களையும் தவக்காலம் முழுக்கத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

பெயரை எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் கடிதத்தைச் சட்டென்று மடித்துவிட்டேன். பயமா சந்தோஷமா என்று கேட்காதே. அல்லேலூயா பாடும்போதும் அதையே நினைத்தேன். நான் கேட்டது இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அவர் வந்தால் எழுது. எப்படி நின்றார், என்ன சொன்னார், எல்லாம் எழுது. எதையும் விட்டுவிடாதே.

உன் அக்கா,
ஜெசிந்தா

*

திருவொற்றியூர்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தார்.

சுகிர்தம் வியாழக்கிழமை காலையில் இறந்தாள். புதுச் செயலாளர் அவரிடம், "உங்க பேரு எங்க பதிவேட்டுல இல்ல. மெர்லின் சிஸ்டர் ஒரு வார்த்தை கேட்டா இப்பவே திறந்துடுறேன், தீர்மானம் இருக்கே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் நேராக என் சமையல் கொட்டகைக்கு வந்தார். நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"ஒரு போன் பண்ணணும்மா" என்றார்.

"சார், கடல்ல முங்கினவங்களுக்குக் கடல்லயே இடம் கேளுங்கன்னு ஒருத்தருக்குச் சொன்னீங்களே, ஞாபகம் கீதுங்களா?" என்றேன்.

"யாருக்குச் சொன்னேன்?" என்றார். அக்கா, அந்தக் கேள்வியில்தான் எனக்கு முடிவாகிவிட்டது. அம்மா பெயரைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், ஐஸைச் சொன்னேன், சிரித்த இரண்டு பேரையும் சொன்னேன். கையை மடக்கிக்கொண்டு கேட்டார். மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு வந்தது நீயாம்மா?" என்றார். பிறகு, "சுகிர்தத்துக்கு இது எதுவும் தெரியாதும்மா" என்றார்.

நான் போன் பண்ணவில்லை. "மண் இல்லாம அனுப்பமாட்டேன் சார், எங்கம்மா பக்கத்துல இடம் கீது" என்றேன். கோவிந்தம்மாவிடம் பேசினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாளே தவிர ஏனென்று கேட்கவில்லை. சாயங்காலம் நெட்டுக்குப்பத்தில் அடக்கம். வாத்தியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சேற்றில் செருப்பில்லாமல் நடந்தார். இனி வருஷா வருஷம் அவர் மனைவிக்குப் பூ வைக்க வேண்டுமானால் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாபகம் இல்லை என்று இனி ஒருபோதும் சொல்ல முடியாது.

நீ கேட்டது கிடைத்துவிட்டது, அக்கா. நான் நன்றாகத் தூங்கினேன்.

மெர்லின்

*

மடத்திலிருந்து
5 மே 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது தோட்டத்தில் இருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன், மற்ற சகோதரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இறந்து இத்தனை வருடத்தில் எனக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது. இதை மறைக்கமாட்டேன். அவர் அழுதாரா என்று நீ எழுதவில்லையே என்றுகூட வருத்தப்பட்டேன்.

மாலையில் மறுபடி எடுத்துப் படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதில் சுகிர்தத்துக்கு ஒரு மகன் இருக்கிறான். அந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் அவன் எங்கேயும் இல்லை.

அவள் அவன் பக்கத்தில் போகத்தானே ஆசைப்பட்டிருப்பாள்? உனக்குத் தெரியுமா, தெரியாதா? நான் ஆண்டவரிடம் அவரைத்தான் கேட்டேன், மெர்லின். அவளைக் கேட்கவில்லை.

பதில் எழுது.

ஜெசிந்தா

*

மடத்திலிருந்து
16 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுகமா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று தலைவி சொன்னார். தொலையவில்லை என்று எனக்குத் தெரியும்.

மே மாதத்திலிருந்து நான் பூசையில் நற்கருணை வாங்கவில்லை. எல்லோரும் எழுந்து போகும்போது முழங்காலிலேயே இருக்கிறேன். காரணம் கேட்கிறார்கள். முதுகுவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரே வரி போதும்.

ஜெசிந்தா

*

திருவொற்றியூர்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ கேட்ட ஒரு வரி: தெரியும்.

கஞ்சி கொண்டுபோன ஒவ்வொரு நாளும் சுகிர்தம் அதைத்தான் சொன்னாள். "விமல் மேலயே என்னை வைக்கச் சொல்லியிருக்கேம்மா, அது குடும்பக் கல்லறை, திறந்தா இடம் இருக்கும்." கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தெரிந்துதான் செய்தேன். அவரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தேன். அதற்காக நான் அழுதிருந்தால் உனக்கு முன்பே எழுதியிருப்பேன். அழவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

செப்டம்பரில் ஷீட் சபையில் ரவிக்குமார் என்பவர் இறந்தார். கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுகிறவர். ஒரே மகள் அம்மு, வேலைக்குப் போகிற பெண். பாஸ்டர் என்னிடம் வந்தார். நான் உடனே மணிக்கூண்டுச் சபைக்குப் போன் பண்ணினேன். புதுச் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"சிஸ்டர், எங்க சபையிலேயே காலமெல்லாம் இருந்த சுகிர்தம் அம்மாவுக்கே நீங்க கேக்கல. அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பில்லன்னு கமிட்டியில அப்பவே எழுதிட்டோம். இப்ப யாரோ ஒருத்தருக்குத் திறந்தா எங்க சனம் எங்களைச் சும்மா விடுமா?"

பெரிய கோயில் ஃபாதருக்கு மனசு இருந்தது. பங்குப் பேரவை, அவங்க திறக்காதபோது நாம மட்டும் ஏன் திறக்கணும் என்று கைவிரித்துவிட்டது. நெட்டுக்குப்பத்துக்கு ஓடினேன். கோவிந்தம்மா மீன் கூடையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"எங்க சுடுகாடு இன்னா, உங்களுக்குள்ள பேஜாரு வந்தா கொண்டாந்து போடுற எடமா? உங்கம்மாவுக்குக் குடுத்தது வேற. அந்த வாத்தியார் பொண்டாட்டிய நீ ஏன் இங்க இட்டாந்தன்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சிது. ஊர்ல பேசி முடிச்சிட்டோம், இனிமே எவருக்கும் கிடையாது."

ரவிக்குமாரை மாநகராட்சி மின்மயானத்தில் எரித்தார்கள். கடைசி நாளில் உடம்போடு எழும்புவோம் என்று நம்புகிற சனம், அக்கா. நெருப்பு வைத்ததை அவர்களால் தாங்க முடியவில்லை. மறுநாள் அம்மு கொட்டகைக்கு வந்தாள். அழவில்லை.

"ஆன்ட்டி, அந்த வாத்தியாரம்மாவுக்கு நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா எங்க நைனா மண்ணுல இருந்திருப்பாரு. அவ்ளோதான், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். சொன்னதுபோலவே போய்விட்டாள்.

அமைப்பாளர் பதவியை விட்டுவிட்டேன். குழுவும் கலைந்துவிட்டது. அப்பளம் பிடுங்கித் தின்ற பையன்கள் இப்போது தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நேற்று கல்லறைத் திருநாள். ஞானசிகாமணி சார் குப்பத்துக்கு வந்திருந்தார். அழுதாரா என்று கேட்டிருந்தாய். இல்லை. சுகிர்தத்துக்குப் பூ வைத்துவிட்டு, அம்மா தலைமாட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. காலையில் மகனுக்குப் பூ வைக்கப் போனாராம், தோட்டத்து வாசல் வரைதான் விட்டார்களாம். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இனி நீ என்ன கேட்டாலும் அம்முவுக்காகக் கேள்.

மெர்லின்

*

எண்ணூர்
28 நவம்பர் 2024

கர்த்தருக்குள் பிரியமான மெர்லின் ஆன்ட்டிக்கு,

அம்மு எழுதும் ஸ்தோத்திரங்கள். நீங்களும் அங்கிளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். நானும் அம்மாவும் நலம்.

மடத்திலிருந்து உங்கள் அக்கா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். எங்கள் அப்பா விஷயத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று எழுதி, மன்னிக்கும்படி கேட்டிருந்தார். பெரியவர்கள் அப்படி எழுதுவது கஷ்டம். அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். உங்களுக்கும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

மூன்று சபை இளைஞர்களும் சேர்ந்து குழுவை மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். கிறிஸ்மஸுக்குக் குப்பத்தில் மருத்துவ முகாம் வைக்கிறோம். பாஸ்டரும் ஃபாதரும் வருகிறார்கள். மணிக்கூண்டுச் சபையில் எங்கள் வயதுக்காரர்கள் சண்டைபோட்டுப் பழைய தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் வேலையாகச் சுகிர்தம் ஆன்ட்டியை அவர் மகன் கல்லறைக்குக் கொண்டுபோக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஞானசிகாமணி தாத்தா கையெழுத்துப் போட்டார். நல்லபடி முடியும் என்று நம்புகிறேன்.

தீர்மானத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எந்தச் சபையிலும் பெயர் இல்லாதவராக இருந்தாலும், அமைப்பாளர் கேட்டால் திறக்கப்படும். நீங்கள் எழுதிய வாசகம்தான், நல்ல வாசகம். மூன்று சபைப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தேன். உங்கள் பெயர் எதிலும் இல்லை.

அமைப்பாளராக யார் இருப்பது என்று கேட்டபோது நான்தான் கை தூக்கினேன். எனக்கு இருபத்தாறு வயதாகிறது. இந்த வேலையை விடுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி. எனக்கு அவசரமில்லை.

கிறிஸ்துவின் பணியில்,
ர. அம்மு
அமைப்பாளர்